சோழியும் எந்திரமும்

மாமல்லபுரக் கடற்கரையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பல்லவர் கல்லில் கண்ட கலையைப் பற்றியே பேசுவர். நான் இன்று எடுத்துக்கொண்டது, அந்தக் கரை நாட்டில் ஓலையிலும் தரையிலும் நடந்த கணக்கு. ‘எந்திரம் சிந்திக்குமா?’ என்ற இக்காலக் கேள்விக்கும் அக்கணக்குக்கும் நெருங்கிய உறவு உண்டு.

செங்கற்பட்டுச் சீமை 1763ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியாருக்கு ஜாகீராகக் கிடைத்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் அதனை அளந்து, ஏறத்தாழ 2,000 ஊர்களின் நிலத்தையும் குடியையும் மானியத்தையும் பதிவு செய்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் அவ்விவரங்களை ஓலைகளில் எழுதி வைத்திருந்தனர். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு; காணி 80இல் ஒரு பங்கு; மா 20இல் ஒரு பங்கு. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை உரத்த குரலில் ஓதி ஓதியே இவை நெஞ்சில் பதிந்தன.

கடலை இடப்புறம் கொண்டு மாமல்லபுரத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 95 கிலோமீட்டர் சென்றால் புதுச்சேரி. சென்னை வானிலாய்வுக்கூடத்தின் பொறுப்பை முன்னர் வகித்த ஜான் வாரன் என்பவர், அங்கே பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரைக் கண்டார். தமக்கு ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டுமாறு வேண்டினார். அம்மனிதர் தாளும் எழுதுகோலும் கேட்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். நெஞ்சில் இருந்த வாய்பாட்டைச் சொல்லிச் சொல்லிச் சோழிகளை நகர்த்தினார். அவ்வாய்பாடுகள் எண்களாக அல்ல, சொற்களாகவே மனனம் செய்யப்பட்டவை. ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணைக் குறிக்கும். கணித்த கிரகணம் 1825ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவுக்குரியது. தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை. வாரன் இதனைத் தம் ‘கால சங்கலித’ நூலில் எழுதினார். அந்நூல் 1825இல் சென்னையில் வெளிவந்தது.

வாரனின் மதிப்பீடு என்ன? அம்மனிதருக்கு வானநூற் கொள்கை சிறிதும் தெரியாது, சிறந்த நினைவாற்றல் உண்டு, அவ்வளவே என்றார். விடை சரியாக வந்தபோதும், ஏன் வருகிறது என்பதைச் சொல்ல அவரால் இயலவில்லையாம்.

இங்கேதான் ஆலன் டூரிங்கை நினைக்கிறேன். அவர் 1912இல் லண்டனில் பிறந்தவர். ஆயினும் அவர் தந்தையார் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்தவர், அன்னையார் நம் போத்தனூரில் பிறந்தவர், அன்னையாரின் தந்தை சென்னை ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். டூரிங் 1936இல் எழுதிய கட்டுரையில், கணக்குப் போடும் மனிதன் ஒருவனையே முதலில் கண்முன் நிறுத்துகிறார். கட்டம் கட்டமாகக் கோடிட்ட தாள். ஒரு நேரத்தில் சில குறிகளையே அவன் காண்கிறான். விதி சொன்னபடி ஒன்றை அழித்து ஒன்றை எழுதுகிறான். இதற்கு மேல் வேறொன்றும் வேண்டாம். இதனையே ஓர் எந்திரமும் செய்யும் என்பது அவர் கண்ட உண்மை. தாளுக்குப் பதில் தரையையும், குறிக்குப் பதில் சோழியையும் வைத்துப் பாருங்கள். புதுச்சேரிக் கணிதர் அங்கே அமர்ந்திருக்கிறார்!

பின்னர் 1950இல் ‘மைண்டு’ என்ற இதழில் எழுதிய கட்டுரையில், மறைவில் இருந்து எழுத்தால் விடையளிப்பது மனிதனா எந்திரமா என்று கேள்விகளால் கண்டறியும் ஆட்டம் ஒன்றை அவர் அமைத்தார். அவ்வாட்டத்தை நம் மாணவர் அனைவரும் அறிவர். மாணவன் பொருள் உணர்ந்தானா, கிளிப்பிள்ளை போல் ஒப்பித்தானா என்று வாய்மொழித் தேர்வில் ஆசிரியர் காண்பதும் இதுவே என்று டூரிங்கே சுட்டுகிறார். வாரன் நடத்தியதும் அத்தகைய தேர்வுதான். ‘ஏன்’ என்ற கேள்வியில் கணிதர் தோற்றார்.

ஆனால் வாரனின் தீர்ப்பை என்னால் முழுதும் ஏற்க முடியவில்லை. எந்த வாய்பாட்டை எப்போது எடுப்பது, எதனை எதன்பின் வைப்பது என்பதை அம்மனிதர் தம் மனத்தில் தெளிவாக ஒழுங்குபடுத்தினார் என்று வாரனே எழுதுகிறார். சந்திரனின் நகர்வை 248 நாட்களுக்குரிய வாக்கியங்களாக வகுத்த முன்னோர் அதன் பொருளை அறிந்திருந்தனர். அறிவு ஒரு தலைக்குள் மட்டுமே குடியிருக்க வேண்டும் என்று வாரன் கருதினார் போலும்.

டூரிங் தம் கட்டுரையின் இறுதிப் பகுதியில் இன்னொன்றும் கூறினார். முதிர்ந்த மனத்தை எந்திரத்தில் அமைப்பதைவிடக் குழந்தை மனத்தை அமைத்துப் பாடம் கற்பிக்கலாம். அப்போது உள்ளே நடப்பதை ஆசிரியரே பெரிதும் அறியமாட்டார் என்றார். 1954இல் தம் 41ஆம் வயதில் அவர் மறைந்தார். கற்பிக்கப்பட்ட எந்திரங்கள் இன்று தமிழிலும் உரையாடுகின்றன. ‘ஏன்’ என்று கேட்டாலும் சளைக்காமல் விடை சொல்கின்றன. அச்சொல்லும் விடைதான் உண்மையில் உள்ளே நடந்ததா என்பதை அவற்றை ஆக்கியோராலேயே உறுதியாகக் கூற இயலவில்லை. புதுச்சேரிக் கணிதர் காரணம் சொல்லவில்லை. ஆனால் அவர் நகர்த்திய ஒவ்வொரு சோழியும் தரையில் கிடந்தது, வாரன் குனிந்து பார்த்து எழுதிக்கொள்ள முடிந்தது.