விரவலும் பிரித்தலும்

கிரஹாம் விதியைப் பள்ளியில் மனப்பாடம் பண்ணி ஒப்பித்தவர்களில் நானும் ஒருவன்: வாயு விரவும் வேகம் அதன் மூலக்கூறு நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். பிற்பாடு எம்.ஏ. தமிழ் வகுப்பில் தொல்காப்பியத்தின் 'விரவுப்பெயர்' வந்தது. உயர்திணை, அஃறிணை இரண்டுக்கும் பொதுவான பெயர். விரவுதல் என்றால் கலத்தல், திணை எல்லை தாண்டுதல். அந்தச் சொல்லை நம்பித்தான் கிரஹாமைத் தேடிப் போனேன். கிடைத்தது வேறு கதை.

தாமஸ் கிரஹாம் 1805இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். மகன் பாதிரியாக வேண்டுமென்பது அப்பாவின் ஆசை; மகன் வேதியியலுக்குப் போய்விட்டார். 1831இல் எடின்பரோ ராயல் சொசைட்டியில் அவர் வாசித்த கட்டுரைக்குப் பின்னால் ஒரு விரிசல் விட்ட கண்ணாடி ஜாடி இருக்கிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் நழுவ, உள்ளே நீர்மட்டம் ஏறுவதை ஜெர்மானியரான டோபரைனர் 1823இல் கண்டிருந்தார். காற்றும் உள்ளே வருகிறது, வருவதைவிடப் போவது அதிகம் என்று நிறுவியவர் கிரஹாம். விரிசலுக்குப் பதிலாகக் குழாயின் வாயைப் பாரிஸ் சாந்தால் அடைத்து அளந்தார். ஆக்சிஜன் ஹைட்ரஜனைவிட 16 மடங்கு கனம்; ஆகவே ஹைட்ரஜன் 4 மடங்கு வேகம். அவர் எழுதியது அடர்த்தியைப் பற்றித்தான். 'மூலக்கூறு நிறை' பின்னால் வந்தவர்கள் தைத்த சட்டை. பாடநூல் அதை அவருக்கே மாட்டிவிட்டது. வாயு நுண்துளை வழியாக வெற்றிடத்துக்குள் பாய்வதை அவர் தனியாக ஆராய்ந்தார். நிகழ்வு வேறு, கணக்கு ஒன்று.

எனக்கு உறைத்தது இன்னொன்று. கலத்தலின் விதியைப் பிரித்தலுக்குத் திருப்பியவரும் அவரேதான். 1860களில் வாயுக் கலவையைச் சுட்ட களிமண் குழாய்க்குள் செலுத்தினார். லேசானது சுவர்வழியே முந்திக் கசிந்தது, கனமானது தங்கியது. இந்த முறைக்கு 'அட்மாலிசிஸ்' என்று பெயரும் வைத்தார். 1913இல் ஆஸ்டன் நியானை இதேபோலக் களிமண் வழியாகக் கொஞ்சம் பிரித்துக் காட்டினார். அறிவியல் அப்பாவி, அரசுதான் கெடுத்தது என்கிற நம்முடைய வழக்கமான புலம்பல் இங்கே அப்படியே செல்லாது.

ஆனாலும் அரசு செய்தது வேறு அளவு. அணுகுண்டுக்கு வேண்டிய யுரேனியம் 235, இயற்கை யுரேனியத்தில் 0.7 சதவீதம்தான். ஃப்ளூரினோடு சேர்த்து வாயுவாக்கினால் ஒன்றின் மூலக்கூறு நிறை 349, மற்றதன் நிறை 352. வர்க்கமூலக் கணக்குப்படி வேக வித்தியாசம் ஆயிரத்தில் 4 சொச்சம். இதை நம்பி அமெரிக்கா டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் கே-25 என்ற ஆலையைக் கட்டியது. 'யு' வடிவம், ஒவ்வொரு கையும் அரை மைல் நீளம். நுண்துளை நிக்கல் தடுப்புகளில் வாயுவை ஆயிரக்கணக்கான கட்டங்களாகத் திரும்பத் திரும்பத் தள்ளினார்கள். கே-25 செறிவூட்டியது பக்கத்து ஒய்-12 ஆலைக்குப் போனது; அங்கே மேலும் செறிவூட்டிய யுரேனியம் 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் விழுந்தது. ஆலையில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் எதைச் செய்கிறோம் என்றே சொல்லப்படவில்லை.

1942இல் இந்த நிலத்தில் இருந்த விவசாயக் குடும்பங்களுக்குச் சில வாரங்கள்தான் அவகாசம் கொடுத்தார்கள். வேலைக்கு வந்த கறுப்பின மக்களைப் பலகைக் குடிசைகளில் தனியே வைத்தார்கள். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. ஆரம்பத்தில் அவர்களில் கணவனுக்கும் மனைவிக்கும்கூட வேறு வேறு குடிசை, நடுவில் வேலி. ஐசோடோப்பைப் பிரிக்கவாவது மூவாயிரம் கட்டம் தேவைப்பட்டது. இதற்கு ஒரு உத்தரவே போதுமானதாக இருந்தது.

கே-25 கட்டடத்தை 2013இல் முழுக்க இடித்துமுடித்தார்கள். காலிசெய்யப்பட்ட குடும்பங்களின் இடுகாடுகள் அந்த நிலத்தில் இன்னும் இருக்கின்றன.