பாதியில் விட்ட படிப்பும் ஜி.இ.டி. தேர்வும்

முப்பத்தைந்து வயதில் ஒருவர் மறுபடியும் கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறார். பின்னம், தசமம் எல்லாம் மறந்து போயிருக்கிறது. பகல் முழுக்க வேலை, ராத்திரி வீட்டில் குழந்தைகள். இவருக்கு முதலில் எழும் கேள்வி "இந்தப் பாடம் புரியுமா?" என்பதல்ல. "எனக்கெல்லாம் படிப்பு வருமா?" என்பதுதான்.

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடிக்காத பெரியவர்களுக்காக ஜி.இ.டி. என்ற தேர்வு நடத்தப்படுகிறது. ஜெனரல் எஜுகேஷனல் டெவலப்மென்ட் என்பதன் சுருக்கம் இது. அந்த நாட்டில் உயர்நிலைப்பள்ளி என்றால் 12ஆம் வகுப்பு வரை. இந்தத் தேர்வில் தேறியவருக்கு அதற்கு இணையான சான்றிதழ் கிடைக்கும். 80 ஆண்டுகளுக்கும் மேலான இதன் வரலாற்றைப் பார்த்தால், மேலே உள்ள கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் என்ன பதில் கிடைத்தது என்பது தெரியும்.

போர்க்காலத்தில் பிறந்த தேர்வு

இரண்டாம் உலகப் போரில் சுமார் 1.6 கோடி அமெரிக்கர்கள் படையில் பணியாற்றினார்கள். அவர்களில் பலர் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள். போர் முடிந்து ஊர் திரும்பும் 22 வயது இளைஞன், 16 வயதுப் பையன்களோடு வகுப்பில் உட்காருவானா? உட்கார மாட்டான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முதல் உலகப் போருக்குப் பிறகு படையில் இருந்தவர்கள் பலருக்கு, அந்தச் சேவைக்காகவே பள்ளி, கல்லூரிகளில் மொத்தமாகச் சலுகை அளித்தார்கள். அவர்கள் என்ன கற்றிருந்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. அதே தவறு மறுபடியும் நடக்கக் கூடாது என்று கல்வியாளர்கள் நினைத்தார்கள். அதனால் 1942இல் படையினருக்கான கல்வி நிறுவனமும் அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் என்ற அமைப்பும் சேர்ந்து ஒரு தேர்வை உருவாக்கத் தொடங்கின. அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இ. எஃப். லிண்ட்குவிஸ்ட் இதில் முக்கியப் பங்கு வகித்தார்.

எழுத்து, சமூகவியல், அறிவியல், இலக்கியம், கணிதம் என ஐந்து பகுதிகள். பாடப் புத்தகத்தை மனப்பாடம் செய்தாயா என்று இந்தத் தேர்வு கேட்கவில்லை. ஒரு பத்தியைக் கொடுத்து, படித்து விளங்கிக்கொள்ள முடிகிறதா என்று கேட்டது. அதாவது, பள்ளிக்கு வெளியே கற்றதும் கல்விதான் என்று ஒப்புக்கொண்டது. படிப்பை விட்டவருக்குக் கிடைத்த முதல் பதில் இது: நீ ஒன்றும் தெரியாதவன் அல்ல.

பயந்தது போல நடக்கவில்லை

1944 ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் ஜி.ஐ. பில் என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். போரிலிருந்து திரும்பியவர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்றது அந்தச் சட்டம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹட்சின்ஸ், ஹார்வர்டின் ஜேம்ஸ் கோனன்ட் போன்ற பெரிய கல்வியாளர்களே இதைக் கண்டு பயந்தார்கள். தகுதியில்லாதவர்கள் வந்து குவிந்து கல்லூரிகளின் தரம் கெட்டுவிடும் என்பது அவர்கள் கவலை.

நடந்ததோ வேறு. 1956 வரை சுமார் 78 லட்சம் பேர் இந்தச் சட்டத்தால் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றார்கள். அவர்களில் சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிக்குச் சென்றவர்கள். இவர்கள் நன்றாகப் படித்தார்கள் என்பதைக் கோனன்டே பின்னர் ஒப்புக்கொண்டார்.

1947இல் நியூயார்க் மாநிலம் படையில் இல்லாத பொதுமக்களும் இந்தத் தேர்வை எழுதிச் சான்றிதழ் பெற வழி செய்தது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. 1959 வாக்கில் தேர்வு எழுதியவர்களில் முன்னாள் படையினரைவிடப் பொதுமக்களே அதிகம். கடைசியாக வந்து சேர்ந்த மாநிலம் கலிபோர்னியா, 1974இல்.

வெட்கம் என்ற தடை

தேர்வு வந்துவிட்டது. ஆனால் எல்லோரும் எழுத வந்துவிடவில்லை. பெரியவர்கள் படிக்க வராததற்கு மூன்று வகைத் தடைகள் இருப்பதாக கே. பேட்ரீஷியா கிராஸ் என்ற கல்வியாளர் 1981இல் எழுதினார். நேரமும் பணமும் இல்லாதது ஒன்று. கல்வி நிறுவனங்களின் விதிகள் இன்னொன்று. மூன்றாவது, படிப்பவரின் மனத்திலேயே இருப்பது: "வயதாகிவிட்டது, எனக்கு வராது" என்ற எண்ணம்.

பள்ளியில் ஒருமுறை தோற்றவருக்குப் பள்ளிக் கட்டடத்தைப் பார்த்தாலே கூச்சம். இதற்கு ஒரு வழி காட்டியது கென்டக்கி மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி. 1970களில் அது ஜி.இ.டி. பாடங்களை ஒளிபரப்பத் தொடங்கியது. யாரும் பார்க்காமல், யாரும் சிரிக்காமல், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கற்க முடிந்தது.

இன்னொரு வழி, தம்மைப் போன்ற ஒருவர் ஜெயித்ததைப் பார்ப்பது. வெண்டீஸ் உணவகங்களை நிறுவிய டேவ் தாமஸ் 15 வயதில் பள்ளியை விட்டவர். பெரும் பணக்காரரான பிறகு, தன்னைக் காட்டிப் பிள்ளைகள் படிப்பை விட்டுவிடுவார்களோ என்று கவலைப்பட்டார். 1993இல், சுமார் 60 வயதில், ஜி.இ.டி. எழுதித் தேறினார். ரூத் ஆன் மின்னர் 16 வயதில் படிப்பை நிறுத்தியவர். 32 வயதில் கணவரை இழந்தார், மூன்று பிள்ளைகள். அதன் பிறகு ஜி.இ.டி. முடித்து, கல்லூரிக்கும் போய், 2001இல் டெலாவேர் மாநிலத்தின் முதல் பெண் ஆளுநர் ஆனார்.

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா 1977இல் இதற்கு நான்கு வழிகளைச் சொன்னார். தானே ஒன்றைச் செய்து முடிப்பது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் ஊக்கப்படுத்துவது, பதற்றம் தணிவது. இவற்றில் மிக வலுவானது முதலாவது என்றார். "உன்னால் முடியும்" என்று நூறு முறை சொல்வதைவிட ஒரு கணக்கைத் தானே போட்டு முடிப்பது மேல்.

ஜி.இ.டி.யின் அமைப்பு இதற்கு உதவியது. தேறாத பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம். தேறிய பகுதி கணக்கில் இருக்கும். அறிவியலில் தேறிய ஒருவருக்குக் கணிதத்தில் மோத அதுவே தைரியம்.

அந்தச் சேமிப்பு பறிபோகும்போது என்ன ஆகும் என்பதையும் வரலாறு காட்டியது. 2002இல் புதிய வடிவத் தேர்வு வந்தபோது, பழைய தேர்வில் சில பகுதிகள் மட்டும் தேறியிருந்தவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அதற்குப் பயந்து 2001இல் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேர்வு எழுதினார்கள். 2014இல் தேர்வு முழுவதும் கணினிக்கு மாறியது, கேள்விகளும் கடினமாயின. தேறியவர் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. சில மாநிலங்கள் ஹைசெட், டாஸ்க் என்ற மாற்றுத் தேர்வுகளுக்குப் போயின. இவற்றில் டாஸ்க் 2021இன் முடிவில் நின்றுபோனது.

2016 ஜனவரியில் ஜி.இ.டி.யின் தேர்ச்சி மதிப்பெண் 150இலிருந்து 145 ஆகக் குறைக்கப்பட்டது. பழைய அளவுகோல், பள்ளியை முடித்து வந்தவர்களிடம் எதிர்பார்ப்பதைவிட அதிகம் கேட்டது என்று தெரியவந்ததுதான் காரணம். பல மாநிலங்கள் இதை 2014 முதல் எழுதியவர்களுக்கும் பொருத்தின. யோசித்துப் பாருங்கள். 147 வாங்கித் தோற்றுவிட்டதாக நினைத்து, "எனக்குப் படிப்பு வராது" என்று புத்தகத்தை மூடியவர் இரண்டு வருடம் கழித்துத் தேறியவர் ஆகிறார். அவருடைய அறிவில் எந்த மாற்றமும் இல்லை. கோடு போட்ட இடம்தான் மாறியது.

தேர்வு அளக்காதது

இந்தச் சான்றிதழை எல்லோரும் புகழவில்லை. பின்னர் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன், ஸ்டீபன் கேமரனோடு சேர்ந்து 1993இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஜி.இ.டி. பெற்றவர்களின் வருமானம் பள்ளியை முடித்தவர்களைப் போல இல்லை, படிப்பை விட்டவர்களுக்கு நெருக்கமாகவே இருக்கிறது என்றது அது. இவர்களுக்கு அறிவு குறைவில்லை, எடுத்த காரியத்தை விடாமல் முடிக்கும் பழக்கம் போன்றவற்றைத் தேர்வு அளப்பதில்லை என்பது ஹெக்மனின் விளக்கம். மதிப்பெண் குறைந்த சில பிரிவினருக்கு இந்தச் சான்றிதழால் வருமானம் கூடியதாக வேறு ஆய்வாளர்கள் 2000இல் காட்டினார்கள்.

ஹெக்மனின் விமர்சனம் கசப்பானது. ஆனால் படிக்க வரும் பெரியவர்களுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. இரண்டு வாரம் விழுந்து விழுந்து படித்துத் தேறுவதைவிட, தினம் ஒரு மணி நேரம் என்று ஆறு மாதம் உட்கார்ந்து பழகுவது பெரிய லாபம். சான்றிதழ் ஒரு நாளில் கைக்கு வந்துவிடும். விடாமல் உட்காரும் பழக்கம்தான் அதற்கடுத்த கல்லூரிக்கும் வேலைக்கும் கூட வரும்.

1942இல் படைவீரனுக்குச் சொன்னதையே இன்று கணக்குப் புத்தகத்தைத் திறக்கும் அந்த முப்பத்தைந்து வயதுக்காரருக்கும் சொல்லலாம். வாழ்க்கை நடத்தி அவர் கற்றது வீண் போகவில்லை. கடைக் கணக்கும் வாடகைக் கணக்கும் போட்டவருக்குச் சதவீதம் அந்நியமல்ல. முதல் பகுதியில் தேறட்டும், அடுத்த பகுதியை எழுத அவரே கிளம்பிவிடுவார்.