தபசு மரமும் நாடக மேடையும்

தொண்டை நாட்டுத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரத விழா நிகழுங்கால், கூத்து வெறும் பொழுதுபோக்கன்று. வழிபாட்டின் ஓர் அங்கமே. பகலிற் பாரதப் பிரசங்கம். இரவில், விடியுமளவும் தெருக்கூத்து. அருச்சுனன் தபசன்று ஊர்வெளியில் நெடிய பனைமரம் நாட்டப்பெறும். வேடம் பூண்டவர் பாடியவாறே படிப்படியாக அதன்மேல் ஏறுவார். உச்சியினின்று அவர் வீசும் எலுமிச்சங்கனிக்காக, மகப்பேறு வேண்டும் மாதர் மடியேந்தி நிற்பர். அவர்கட்கு மேலிருப்பவர் கூத்தரல்லர்; பார்த்தனே. பதினெட்டாம் போரன்று, மண்ணாற் சமைத்த துரியோதனன் பேருருவம் களத்திற் கிடக்க, வீமன் வேடத்தார் அதன் தொடையைப் பிளப்பார். பாஞ்சாலியின் கூந்தல் முடிக்கப்பெறும். பின்னர்த் தீமிதி.

நகர நாடகமோ சீட்டுப் பெற்று நாற்காலியில் அமர்ந்து காண்பதாயிற்று. ஆங்குக் கைதட்டல் உண்டு, வேண்டுதல் இல்லை. புரிசைக் கூத்தைக் கண்டு வியந்த எழுத்தாளர் ந. முத்துசாமி, 1977இல் சென்னையிற் கூத்துப்பட்டறையைத் தோற்றுவித்தார். புரிசைக் கண்ணப்பத் தம்பிரானிடம் நகரத்து நடிகர் அடவும் பாட்டும் பயின்றனர். உடலும் குரலும் வசப்பட்டன. புதிய நாடகத்திற்கு உயிர்ப்பும் வந்தது. ஆயின் மரத்தடியில் ஏந்திய அம்மடியை எந்தப் பயிற்சி தரவல்லது? புரிசையார் கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேசின் கதையையுங் கூத்தாக்கி ஆடினர். விழாக்காலம் வந்துவிட்டாலோ, கட்டை கட்டிக்கொண்டு பாரதக் களத்துக்கே செல்வர்.