அரை விநாடி தாமதத்தில் சிக்கிய ‘கள்ளச்சாவி’... எக்ஸ்இசட் மென்பொருளில் நடந்தது என்ன?

இணையத்தைத் தாங்கிப் பிடிக்கும் சர்வர்களில் பெரும்பாலானவை ஓடுவது லினக்ஸில். அந்த லினக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்ன மென்பொருளை, பல வருஷமாக ஒரே ஒரு மனிதர், சம்பளம் இல்லாமல், ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் களைத்துப்போன நேரத்தில் ஒருவர் உதவிக்கு வந்தார். வந்தது உதவி இல்லை என்று தெரியவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது.

எக்ஸ்இசட் என்றால் என்ன?

ஃபைல்களைச் சுருக்கும் கருவி. நாம ‘ஜிப்’ பண்ணி மெயில் அனுப்புறோமே, கிட்டத்தட்ட அதே வேலைதான். பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின் எழுதிப் பராமரித்து வந்தது.

இது ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். ‘அப்படின்னா யார் வேண்டுமானாலும் மாத்தலாமே’ என்று பலர் நினைப்பது தவறு. கோடை யாரும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் சாவி பராமரிப்பாளர் கையில்தான் இருக்கும். இந்த விவகாரம் முழுக்க அந்தச் சாவி கைமாறிய கதை.

சாவி எப்படி கைமாறியது?

2021 கடைசியில் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் சின்னச் சின்ன திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். உருப்படியான திருத்தங்கள்தான். 2022-ல் வேறு சில பெயர்களில் புகார்கள் வந்தன. ‘அப்டேட் ஏன் இவ்வளவு தாமதம்? முடியவில்லை என்றால் வேறு ஆளை நியமிக்க வேண்டியதுதானே?’ என்ற தோரணையில். அன்னதானப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு ‘சாம்பார் ஏன் லேட்டு’ன்னு சத்தம் போடுற மாதிரி.

நீண்டகால மனநலச் சிக்கலால் தன்னால் அதிகம் செய்ய முடியவில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் நினைவில் வையுங்கள் என்று லாஸ்ஸே அப்போது வெளிப்படையாகவே எழுதினார். ஜியா டானுக்குப் பெரிய பொறுப்பு கிடைக்கலாம் என்றும் சொன்னார். அது அப்படியே நடந்தது. 2023-ல் புதிய பதிப்புகளை வெளியிடும் உரிமை ஜியா டானிடம் இருந்தது. புகார் சொன்ன பெயர்கள் பிறகு காணாமல் போயின. எல்லாமே ஒரே கூட்டத்தின் போலிக் கணக்குகள் என்பது பாதுகாப்பு ஆய்வாளர்களின் சந்தேகம்.

கள்ளச்சாவி எங்கே இருந்தது?

2024 பிப்ரவரி 24-ல் 5.6.0 பதிப்பும், மார்ச் 9-ல் 5.6.1 பதிப்பும் வெளிவந்தன. சோதனைக்காக வைக்கும் ஃபைல்களுக்குள் நாசகார கோடு ஒளிந்திருந்தது. சுருக்கும் கருவி என்பதால், வேண்டுமென்றே கெடுத்து வைத்த ஃபைல்கள் அங்கே சகஜம். யாரும் சந்தேகப்படவில்லை. அதை உயிர்ப்பிக்கும் ஸ்கிரிப்ட், எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்தில் இல்லை. பதிவிறக்கம் செய்யும் தொகுப்பில் மட்டும் இருந்தது. ‘எல்லோரும் பார்க்கலாம்’ என்ற காவலே அங்கு செல்லாது!

குறி, சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச். அதற்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளில் அப்போது வேறொரு நூலகம் வழியாக இரண்டும் சேர்ந்திருந்தன. அந்தச் சந்து போதுமாக இருந்தது. ரகசியத் திறவுகோல் வைத்திருப்பவர், பாஸ்வேர்டே இல்லாமல் சர்வரில் நினைத்ததைச் செய்யலாம்.

கண்டுபிடித்தது யார்?

மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளை உருவாக்குபவர்களில் ஒருவர். வேறு ஏதோ சோதித்துக்கொண்டிருந்தபோது, எஸ்எஸ்ஹெச் லாகின் சுமார் அரை விநாடி கூடுதலாக இழுப்பதைக் கவனித்தார். நம்மில் எத்தனை பேர் ‘நெட் ஸ்லோ’ன்னு விட்டிருப்போம்! அவர் விடவில்லை. தோண்டித் தோண்டி, 2024 மார்ச் 29, புனித வெள்ளி அன்று பகிரங்கமாக அறிவித்தார்.

ஆபத்து அளவீட்டில் 10-க்கு 10. ஆனால் டெபியனின் சோதனைப் பதிப்பு, காளி லினக்ஸ், ஓப்பன்சூசே டம்பிள்வீட் போன்றவற்றோடு நின்றுவிட்டது. பெரும்பாலான சர்வர்களில் ஓடும் நிலையான பதிப்புகளுக்குப் போகும் முன்பே பிடிபட்டது. உங்கள் ஆண்ட்ராய்டு போன் இதன் இலக்கே இல்லை.

முடிவெடுப்பது யார்?

பெரிய ப்ராஜெக்ட்களில் ஏற்பாடு உண்டு. டெபியன் ஆண்டுதோறும் தேர்தல் நடத்தித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் 2018-ல் தலைமையிலிருந்து விலகியபின், 5 பேர் கொண்ட குழு தேர்தலில் வந்தது. எக்ஸ்இசட் போன்ற சின்ன ப்ராஜெக்டில் தேர்தல் நடத்த ஆள் எங்கே?

‘இரண்டு பேர் ஒப்புதல் கட்டாயம்’ என்பது பலர் சொல்லும் தீர்வு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எக்ஸ்இசட்டில் அந்த இரண்டாவது ஆளே ஜியா டான்தான்.

பணமும் பழைய பிரச்னை. 2014-ல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெடித்தபோதுதான், இணையப் பாதுகாப்புக்கு அடித்தளமான ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு வருஷத்துக்கு சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது எனத் தெரிந்தது. அதன்பிறகு பெரிய நிறுவனங்கள் நிதி திரட்டின. அந்த நிதி எல்லா சின்ன ப்ராஜெக்டுக்கும் போய்ச் சேரவில்லை.

எக்ஸ்இசட் அம்பலமான அடுத்த மாதமே, தங்களுக்கும் ‘எங்களைப் பராமரிப்பாளர் ஆக்குங்கள்’ என்று இதேபோல அழுத்தம் வந்ததாக ஓப்பன்ஜேஎஸ் அறக்கட்டளை எச்சரித்தது.

எக்ஸ்இசட் களஞ்சியத்தை கிட்ஹப் முடக்கியது, பின்னர் திறந்தது. 2024 மே 29-ல் கள்ளச்சாவி நீக்கிய 5.6.2 பதிப்பு வந்தது. வெளியிட்டவர் அதே லாஸ்ஸே காலின்.