காப்பி (1) எதுக்கு உருவாகுது? ஃபைல் சிங்க்கின் 40 வருஷக் கதை

இந்த வார எபிசோடுக்குக் காரணம், போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் செஞ்ச ஒரு முட்டாள்தனம்.

எங்க வீட்ல ஒரு பழைய லேப்டாப், ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க். ரெண்டுலயும் குடும்பப் போட்டோக்கள் அரைகுறையா சிதறிக் கிடந்தது. ரெண்டு ஃபோல்டரையும் ஒண்ணாக்கலாம்னு ஒரு சிங்க் சாஃப்ட்வேரை ஓட்டினேன். அது ஒரு நீளமான லிஸ்ட்டைக் காட்டி, இந்தப் பேர்ல ரெண்டு பக்கமும் ஃபைல் இருக்கு, என்ன செய்யட்டும்னு கேட்டுச்சு. எல்லாம் டூப்ளிகேட் தானே? 'லேப்டாப்பில் இருப்பதையே வை, எல்லாவற்றுக்கும்' என்று ஒரே கிளிக். முடிச்சுட்டு சாப்பிடப் போயிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு அம்மா கேட்டாங்க: "பாட்டியோட கடைசிப் பொங்கல் போட்டோ எல்லாம் எங்கடா?"

நடந்தது இதுதான். எங்க பழைய டிஜிட்டல் கேமரா ஃபைல்களுக்கு 0001-ல இருந்து 9999 வரைக்கும் நம்பர் போடும். 9999 முடிஞ்சா மறுபடியும் 0001. அதனால 0412 என்ற பேரில் லேப்டாப்பில் இருந்தது கொடைக்கானல் டூர் போட்டோ. அதே 0412 என்ற பேரில் ஹார்டு டிஸ்க்கில் இருந்தது, பாட்டி பொங்கப் பானை முன்னாடி நிக்கிற போட்டோ. பேர் ஒண்ணு, படம் வேற. கொடைக்கானல் போய் பாட்டி மேல உட்கார்ந்துடுச்சு. ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தேன். பாதிப் படம் சாம்பல் கலர் கட்டமா வந்துச்சு.

சாஃப்ட்வேர் எழுதுறதுதான் என் வேலை. அப்படியும் எனக்கே இது நடந்ததுன்னா, இந்தப் பிரச்சினை உண்மையில் எவ்வளவு கஷ்டமானது? தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். ஆராய்ச்சியாளர்கள் 40 வருஷத்துக்கு மேல இதோட மல்லுக்கட்டியிருக்காங்க.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்திலிருந்து தொடங்கலாம். அங்கே 'லோகஸ்' என்று ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். பல கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் கோத்து, ஒரே கம்ப்யூட்டர் மாதிரி இயங்க வைப்பதுதான் நோக்கம். ஒரு ஃபைலின் பிரதிகள் பல மெஷின்களில் இருக்கும். நடுவில் நெட்வொர்க் அறுந்து, ரெண்டு பக்கமும் ஆட்கள் அதே ஃபைலை மாத்திட்டா?

நமக்கெல்லாம் உடனே தோணும் பதில்: கடைசியா மாத்தினதை வெச்சுக்கோ. அது ஏன் தப்புன்னு பார்ப்போம். ஒரே மளிகை லிஸ்ட்டை ரெண்டு காப்பி எடுத்து நானும் அம்மாவும் ஆளுக்கு ஒண்ணு வெச்சிருக்கோம். 10 மணிக்கு நான் என் காப்பியில் துவரம் பருப்பு சேர்க்கிறேன். 10:05-க்கு அம்மா அவங்க காப்பியில் நல்லெண்ணெய் சேர்க்கிறாங்க. 'கடைசியா மாத்தினது' அம்மாவோட லிஸ்ட். அதை மட்டும் எடுத்துட்டுக் கடைக்குப் போனா, அன்னைக்கு வீட்ல சாம்பார் கிடையாது. பின்னாடி எழுதினதுக்குள்ள முன்னாடி எழுதினது அடங்கியிருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஸ்டாட் பார்க்கர், ஜெரால்ட் போபெக் உள்ளிட்ட லோகஸ் குழுவினர் 1983-ல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். பேர், வெர்ஷன் வெக்டர். கடிகாரத்தை நம்பாதே, எண்ணிக்கையை வை. லிஸ்ட்டோட மூலையில் யார் எத்தனை தடவை மாத்தினாங்கன்னு குறிச்சுக்கணும். ரெண்டு காப்பியும் 'நான் 3, அம்மா 2' என்பதில் தொடங்குது. நான் மட்டும் மாத்தினா என் காப்பி '4, 2', அம்மா காப்பி '3, 2'. என்னுடையதில் அவங்களுடையது அடக்கம், அதனால தாராளமா மேலெழுதலாம். அம்மாவும் மாத்தியிருந்தா '4, 2' ஒரு பக்கம், '3, 3' இன்னொரு பக்கம். எதுவும் எதுக்குள்ளயும் அடங்கலை. அதுதான் மோதல்.

இதில் கவனிக்க வேண்டியது, மோதல் இருக்குன்னு மெஷின் துல்லியமா கண்டுபிடிச்சிடும். பருப்பும் வேணும் எண்ணெயும் வேணும் என்று முடிவு செய்வது மட்டும் அதால முடியாது.

அடுத்து பிட்ஸ்பர்க், கார்னகி மெலன் பல்கலைக்கழகம். 1987-ல் அங்கே 'கோடா' என்ற ஃபைல் சிஸ்டம் தொடங்கியது. தலைமை தாங்கியவர் மகாதேவ் சத்யநாராயணன். நம்ம சென்னை ஐஐடியில் பி.டெக்கும் எம்.டெக்கும் முடிச்சவர். நெட்வொர்க் இல்லாத இடத்திலும் லேப்டாப்பில் வேலை செய்யணும், திரும்ப வந்து இணைச்சதும் எல்லாம் சர்வரோட சேர்ந்துடணும். இன்னைக்கு நாம ஃபிளைட்டில் ஆஃப்லைனா செய்யுற விஷயம்.

அவர்கள் முன்னால் ரெண்டு வழி இருந்தது. ஒருத்தர் எடுத்த ஃபைலை மத்தவங்க தொடாதபடி பூட்டுவது ஒண்ணு. பூட்டாமல் விட்டு, மோதல் வந்தால் பார்த்துக்கொள்வது இன்னொண்ணு. எது சரின்னு வாதம் பண்ணிக்கிட்டு இருக்காம, தங்கள் பல்கலைக்கழக ஃபைல் சிஸ்டத்தையே ஒரு வருஷம் அளந்து பார்த்தார்கள். 99 சதவீதத்துக்கும் மேலான மாற்றங்களை, கடைசியா அந்த ஃபைலை மாத்தின அதே ஆள்தான் செஞ்சிருந்தார். ஒரு நாளுக்குள் ரெண்டு வேற ஆட்கள் ஒரே ஃபைலை மாத்த வாய்ப்பு அதிகபட்சம் 0.75 சதவீதம்.

அதனால பூட்டு வேண்டாம்னு முடிவாச்சு. ஆனா அந்த அரிதான மோதல் வந்துட்டா கோடா ரொம்பக் கறார். அந்த ஃபைலைச் சாதாரணமா திறக்கவே விடாது. ரெண்டு வெர்ஷனையும் பார்த்து நீங்களே சரிசெய்யணும். எரிச்சலா இருக்கும்தான், ஆனா சத்தமில்லாம எதுவும் அழியாது.

1995-ல் விண்டோஸ் 95-உடன் 'பிரீஃப்கேஸ்' வந்தது. ஆபீஸ் ஃபைலை அதில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் வேலை செஞ்சு, திரும்ப வந்து அப்டேட் பண்ணலாம். சிங்க் என்பது ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து சாதாரண ஆட்கள் கைக்கு வந்த காலம் அது. அடுத்த வருஷமே, 1996-ல், ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் ரெண்டு பேரும் ஆர்சிங்க்கைக் கொண்டுவந்தார்கள். முழு ஃபைலை அனுப்பாமல் மாறின பகுதியை மட்டும் அனுப்பும் கருவி. இன்னைக்கும் சர்வர்களில் ஓடிக்கிட்டு இருக்கு.

ஆர்சிங்க் ஒரு ஃபைல் மாறியிருக்கா என்பதை வழக்கமா ரெண்டே விஷயத்தில் பார்க்கும்: அளவு, கடைசியா மாறின நேரம். வேகத்துக்காக. இதில் ஒரு வேடிக்கை. பழைய பென் டிரைவ்களில் இருக்கும் ஃபேட் ஃபைல் சிஸ்டம் நேரத்தை 2 செகண்டு கணக்கில்தான் குறிச்சு வைக்கும். லேப்டாப்பில் 11 செகண்டில் முடியும் நேரம், பென் டிரைவில் 10 ஆகவோ 12 ஆகவோ ஆயிடும். அச்சு அசலா ஒரே ஃபைல், ஆனா 'மாறியிருக்கு' என்று தோணும். ஒரு செகண்டு முன்ன பின்ன இருந்தா கண்டுக்காதேன்னு சொல்வதற்கே ஆர்சிங்க்கில் தனி ஆப்ஷன் இருக்கு.

என் கதையில் பேர் ஒண்ணு, உள்ளடக்கம் வேற. பென் டிரைவில் உள்ளடக்கம் ஒண்ணு, நேரம் வேற. பேரையும் நேரத்தையும் மட்டும் வெச்சு 'டூப்ளிகேட்' என்று முத்திரை குத்தினா ரெண்டு பக்கமும் ஏமாறலாம்.

1998-ல் பாலசுப்ரமணியம், பெஞ்சமின் பியர்ஸ் ரெண்டு பேரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். தலைப்பே 'ஃபைல் சிங்க்ரனைசர் என்றால் என்ன?' என்பதுதான். ஊரே பயன்படுத்துற ஒரு பொருளை எடுத்து, இது சரியா என்ன செய்யணும்னு கணித பாஷையில் வரையறுத்தார்கள். பியர்ஸின் 'யூனிசன்' சாஃப்ட்வேர் அந்த யோசனையிலிருந்து வளர்ந்தது.

யூனிசனுக்கு ஞாபகம் உண்டு. ஒரு ஃபைல் இந்தப் பக்கம் இருக்கு, அந்தப் பக்கம் இல்லை. இங்கே புதுசா உருவாச்சா, அங்கே யாராவது டெலீட் பண்ணாங்களா? ரெண்டு ஃபோல்டரை மட்டும் முறைச்சுப் பார்த்தா பதில் கிடைக்காது. போன தடவை சிங்க் ஆனப்போ நிலைமை எப்படி இருந்ததுன்னு எழுதி வெச்சிருந்தாதான் தெரியும். டெலீட் பண்ண ஃபைல்கள் பேய் மாதிரி திரும்பி வர்றதுக்கு, இந்த ஞாபகம் இல்லாததும் ஒரு காரணம்.

இதைப் படிச்சப்போதான் என் தப்பு எனக்கே புரிஞ்சது. அந்த ரெண்டு ஃபோல்டரும் அதுவரை சேர்ந்ததே இல்லை. சாஃப்ட்வேருக்கு எந்த ஞாபகமும் கிடையாது. தனக்குத் தெரியாதுன்னு சொல்லி என்கிட்ட கேட்டுச்சு. நானும் பார்க்காமலே பதில் சொல்லியிருக்கேன்.

இப்போ இருக்கிற கருவிகள் வேற மாதிரி பிழைக்கின்றன. 2008-ல் வெளிவந்த டிராப்பாக்ஸ், மோதல் வந்தால் ரெண்டையும் வெச்சுக்கிட்டு ஒண்ணுக்கு 'கன்ஃப்ளிக்டட் காப்பி' என்று பேர் மாத்திடும். 2013-ல் தொடங்கிய சிங்க்திங் உள்ளுக்குள் அந்த 1983 வெர்ஷன் வெக்டரையே பயன்படுத்துது. மோதலில் நேரப்படி பழையதை அழிக்காம, தேதியோட வேற பேர் கொடுத்து ஒதுக்கி வைக்கும். ஃபோல்டர் அசிங்கமாகும்தான். ஆனா அந்த அசிங்கமான பேர், 'இங்க ஒரு மனுஷன் பார்க்கணும்' என்ற குறிப்பு.

நீங்க ஃபோல்டர்களைச் சேர்க்கப் போறீங்கன்னா மூணு விஷயம். முதல் சிங்க்குக்கு முன்னாடி ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா ஒரு காப்பி எடுத்து வைங்க. பேரை வெச்சு ஒப்பிடாம உள்ளடக்கத்தோட ஹேஷை வெச்சு ஒப்பிடுங்க. அது ஃபைலோட கைரேகை மாதிரி, ஒரு பிட் மாறினாலும் வேறயாயிடும். அழிக்கிறதையும் மேலெழுதுறதையும் நேரா செய்யாம, பழைய வெர்ஷனை ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைக்கும் ஆப்ஷனை ஆன் பண்ணுங்க.

பொங்கல் போட்டோக்களில் ஏழு கிடைச்சது. மாமா அந்த வருஷம் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார். அளவு சுருங்கி, கொஞ்சம் மங்கலா. அப்பல்லாம் "எதுக்கு மாமா ஒரே போட்டோவை எல்லா குரூப்லயும் போடுறீங்க"ன்னு கிண்டல் பண்ணவனே நான்தான். இப்போ அந்த ஏழும் மூணு இடத்துல இருக்கு.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.