புது யுகத்தின் வாயிலில் இலங்கை

ஐரோப்பாவிலே புது யுகம் பிறந்த வரலாற்றை நேயர்கள் அறிவீர்கள். அச்சுக்கலை பரவியது. 1517ஆம் ஆண்டில் மார்ட்டின் லூதர் திருச்சபையின் வழக்கங்கள் சிலவற்றை எதிர்த்து வினா எழுப்பினார். 1522இல் புதிய ஏற்பாட்டைத் தம் மக்கள் பேசிய ஜெர்மன் மொழியிலே வெளியிட்டார். ஓவியரும் புனிதர்களின் உருவங்களோடு அமையாது, சாதாரண மனிதரின் முகத்தையும் உற்று நோக்கலாயினர். இவ்வெழுச்சியின் அலைகள் நமது கொழும்பு நகரையும் வந்து தொட்டன.

நீதிமன்றங்கள் நிறைந்த புதுக்கடையை ஒல்லாந்தர் ஹுல்ஃப்ட்ஸ்டோர்ப் என அழைத்தனர். ஹுல்ஃப்டின் கிராமம் என்பது அதன் பொருள். போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்ற முற்றுகையிட்ட ஒல்லாந்தத் தளபதி ஜெரார்ட் ஹுல்ஃப்ட், 1656இல் வெற்றியைக் காணுமுன்னரே மாண்டான். அவனுடைய உருவத்தை 1654இல் தீட்டிய கோவர்ட் பிளிங்க் என்பவர், உலகம் போற்றும் ஓவியர் ரெம்பிராண்டின் மாணாக்கராவார்.

இந்த ஒல்லாந்தர் யாவர்? ஸ்பானிய மன்னரின் ஆட்சியையும் சமய ஒடுக்குமுறையையும் எதிர்த்து, 1568 தொடங்கி 1648 வரை போராடி விடுதலை பெற்றவர். அத்தகையோரே இலங்கைக்கு வந்ததும் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை விதித்தனர். தமக்கென வேண்டிய உரிமையைப் பிறர்க்கு மறுத்தனர். புது யுகத்தின் பெருமையை உரைக்கும்போது இம்மாசினையும் மறைத்தல் தகாது.

அத்தடையை மீறி, 1687இல் ஏழையின் கோலம் பூண்டு யாழ்ப்பாணத்தை அடைந்தார் கோவாவிற் பிறந்த ஜோசப் வாஸ் அடிகளார். பின்னர் கண்டிக்குச் சென்ற அவரை ஒற்றரென ஐயுற்றுச் சிறையிட்டனர். ஆயினும் பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன் நாளடைவில் அவருக்குப் புகலிடம் அளித்தான். 1697இல் கண்டியிலே பெரியம்மை பரவியபோது, அஞ்சி ஓடாது நோயாளரைப் பேணினார் அடிகளார். 2015ஆம் ஆண்டு காலிமுகத்திடலிலே பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

1705இல் அவருக்குத் துணையாக வந்தவர் ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். அவர் சிங்களத்தையும் தமிழையும் முறையாகக் கற்று, இரு மொழிகளிலும் பல நூல்களை இயற்றினார். அவருக்கு அச்சகம் இல்லை. நூல்கள் கையெழுத்துப் பிரதிகளாகவே ஊர் ஊராய்ச் சென்றன.

அச்சகம் ஒல்லாந்த அரசின் கையில் இருந்தது. ஆளுநர் வான் இம்ஹொப் காலத்தில், 1737இல், கொழும்பிலே சிங்கள நூல் அச்சேறியது; பின்னர்த் தமிழ் நூல்களும் வெளிவந்தன. 1723இல் கொழும்பிலே பிறந்த பிலிப்பு தெ மெல்லோ என்னும் தமிழறிஞர், ஒல்லாந்தச் சபையின் போதகராகிப் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். அது 1759இல் இந்நகரிலேயே அச்சாயிற்று. சமயத்தால் கொன்சால்வெசும் தெ மெல்லோவும் எதிரணியினர். எனினும் மக்களின் மொழியைக் கற்காமல் மக்களின் உள்ளத்தை அடைய இயலாது என்பதில் இருவரும் ஒருமித்தனர்.

அக்காலத்திலே பௌத்தமும் புத்துயிர் பெற்றது. பாளிக் கல்வி அருகிக் கிடந்த நாளில், வெலிவிட்ட சரணங்கர தேரர் அதனை மீட்க உழைத்தார். அறுந்துபோன துறவு மரபு 1753இல் சியாம் தேசத்து உபாலி தேரரால் மீண்டும் நிறுவப்பட்டது. அதற்கு ஆதரவளித்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்க மன்னன், மதுரை நாயக்கரோடு உறவுடைய குலத்தினன். சியாமுக்குத் தூதரைக் கொண்டு சென்றவையோ ஒல்லாந்தரின் கப்பல்கள்! ஒரு சமயத்தின் மறுமலர்ச்சிக்கு வேற்றுச் சமயத்தார் கைகொடுத்த காட்சி இது.

எனினும் இணக்கமே எங்கும் நிலவியது எனக் கூறுதற்கில்லை. கத்தோலிக்கருக்குப் புகலளித்த கண்டியிலிருந்தே 1740களில் அவர்தம் குருமார் வெளியேற்றப்பட்டனர். ஒல்லாந்தர் விதித்த தடைகளோ, ஆங்கிலேயர் ஆட்சியில் 1806இலேயே நீங்கின.

கோட்டைகள் கைமாறின, தடைச் சட்டங்கள் மறைந்தன. அடிகளார் கையால் எழுதியதும், போதகர் அச்சில் ஏற்றியதும், தேரர் மீட்டளித்த கல்வியும் நிலைத்து நின்றன. தளபதியின் பெயரைப் புதுக்கடை இன்றும் சுமக்கின்றது. மொழியைப் பேணிய அறிஞரின் பெயர்களை நாமன்றோ நினைவிற் சுமத்தல் வேண்டும்!