கம்ராய்க்: ஒரு பெயரடையின் வரலாறு

ஓர் இனத்தார் தமக்கு இட்டுக்கொண்ட பெயரும், பிறர் அவர்க்கு இட்ட பெயரும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. பிரித்தானியத் தீவின் மேற்கே வாழும் வேல்ஸ் மக்களின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

‘வெல்ஷ்’ என்பது ஆங்கிலேயர் வழங்கிய சொல். பழைய ஆங்கிலத்தில் அதன் வேர்ச்சொல்லுக்கு ‘அயலான்’ என்பது பொருள். நாளடைவில் ‘அடிமை’ என்னும் பொருளும் அதற்கு ஏற்பட்டது. தம் மண்ணிலேயே அயலார் எனப்பட்ட அம்மக்களோ தம்மைக் ‘கம்ரி’ என்றே அழைத்துக்கொண்டனர். ‘உடன்’ என்னும் பொருளுடைய முன்னொட்டும், ‘நிலம், எல்லை’ என்னும் பொருளுடைய சொல்லும் இணைந்து பிறந்த அப்பெயர், ‘ஒரே நாட்டார்’ எனப் பொருள்படும்.

அவ்வேரினின்று இரு பெயரடைகள் கிளைத்தன. ‘கம்ராய்க்’ என்பது மொழியைச் சார்ந்தது. ‘கம்ரெய்க்’ என்பது நாட்டையும் பண்பாட்டையும் சார்ந்தது. வேல்ஸ் நாட்டார் ஆங்கிலத்தில் எழுதும் இலக்கியம் இரண்டாம் அடையைப் பெறலாம், முதலடையைப் பெறாது. ஆங்கிலத்திலோ இரண்டிற்கும் ‘வெல்ஷ்’ என்னும் ஒரு சொல்லே வழங்குகிறது. ஆதலின் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

இலக்கண அமைதியும் நோக்கத்தக்கது. தமிழில் அடை பெயருக்கு முன் நிற்கும். வெல்ஷில் பெரும்பாலும் பின் நிற்கும். ‘பப்பிர்’ (தாள்) ஆண்பாற் பெயர். அதனை அடுத்து வரும் ‘கம்ராய்க்’ மாறாது. ‘அஸ்கோல்’ (பள்ளி) பெண்பால் ஒருமை. அதன்பின் வரும் அடையின் முதலெழுத்து மெலியும். ‘கல்’ என்பதில் ஒலிக்கும் ககரம், ‘தங்கம்’ என்பதில் ஒலிக்கும் ககரமாகிவிடும். ‘தமிழ்ப்பள்ளி’ எனப் புணர்ச்சியில் வல்லினம் மிகக் காணும் நம் மாணவர்க்கு, சொற்கள் சேருமிடத்து ஒலி மாறுதல் புதுமையன்று. ஆயினும் அங்கு எழுத்து மிகுவதில்லை, திரிகிறது; அத்திரிபு பெயரின் பாலைப் பொறுத்தது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றதன்று. 1536 ஆம் ஆண்டுச் சட்டம், ஆங்கிலம் அறியாதார்க்கு அரசுப் பதவியை மறுத்தது. 1847 இல் வெளியான கல்வி ஆய்வறிக்கை, வெல்ஷ் மொழியை மக்களின் முன்னேற்றத்திற்குத் தடையெனப் பழித்தது. வேல்ஸ் மண்ணிற் பள்ளிகள் இருந்தன. அவற்றுட் பலவற்றில் அம்மண்ணின் மொழிக்கு இடமில்லை. அவை நாட்டின் பள்ளிகள். மொழியின் பள்ளிகள் அல்ல.

1939 இல் அபெரிஸ்ட்வித் நகரில், வெல்ஷையே பயிற்றுமொழியாகக் கொண்ட தொடக்கப்பள்ளி ஒன்று ஏழு குழந்தைகளுடன் தோன்றியது. பின்னர் அத்தகைய பள்ளிகள் பெருகின. 2011 ஆம் ஆண்டுச் சட்டம் வேல்ஸில் அம்மொழிக்கு அதிகாரநிலையை உறுதி செய்தது. ஒரு பள்ளி நாட்டால் மட்டும் வெல்ஷா, மொழியாலும் வெல்ஷா என்பதை அங்கு அந்த ஓர் அடைமொழியே உணர்த்திவிடுகிறது.